குரோம் பூசிய ரைஃபிள் குழல் எடுக்கலாமா?

ரைஃபிளில் வெடிமருந்து பற்றியதும் குண்டு குழலைக் கடந்து வெளியே வர ஏறக்குறைய ஒரு மில்லிவினாடிதான் ஆகும். வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் பத்தாயிரம் முறை சுட்டுத் தேய்ந்துபோய்க் கழற்றி வைக்கப்படும் ஒரு குழல், தன் வாழ்நாளில் உண்மையாக வேலை பார்த்தது பத்தே பத்து வினாடி. அந்தப் பத்து வினாடிக்குள் எஃகு எப்படி அழிகிறது என்று தெரிந்துகொண்டால், குரோம் பூசிய குழல் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

சுடப் பழக வருகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை. விவரப் பட்டியலில் "குரோம் லைனிங்" என்று பார்த்ததும் அது மேல்தரம், இல்லாதது மட்டம் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். "குரோம் போட்டால் குறி சிதறும்" என்று எங்கோ கேட்டுவிட்டு அந்தப் பக்கமே திரும்பாதவர்களும் உண்டு. இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறையவும் வேகமாகவும் சுடுகிறவருக்கும், மழை, சேறு, உப்புக்காற்று என்று பாராமல் துப்பாக்கியை எடுத்துப் போகிறவருக்கும் குரோம் பூச்சு கொடுக்கிற காசுக்குத் தகும். நிதானமாகக் குறிபார்த்து, காகிதத்தில் ஐந்து குண்டையும் ஒரே துளைக்குள் போட ஆசைப்படுகிறவருக்கு அது வேண்டாம்.

தொண்டையில்தான் சங்கடம்

தோட்டா என்று நாம் சொல்வது நான்கு பொருள் சேர்ந்தது: பித்தளைக் கூடு, அதன் அடியில், அடி விழுந்ததும் பற்றி மருந்தைக் கொளுத்தும் சின்ன பிரைமர், உள்ளே வெடிமருந்து, முன்னால் செருகிய குண்டு. தோட்டா உட்காரும் இடம் அறை. சேம்பர் என்றே பெரும்பாலும் சொல்வார்கள். அறையைத் தாண்டியதும் குண்டு முதன்முதலாகச் சுழல்வரிகளில் போய்க் கவ்விக்கொள்ளும் இடத்துக்குத் தொண்டை என்று பெயர். சுழல்வரி என்பது குழலின் உட்சுவரில் திருகுபோலச் சுற்றிப் போகும் மேடும் பள்ளமும். குண்டைச் சுழலவைத்து நேராகப் பறக்க வைப்பது அதுதான்.

வெடிமருந்து எரியும்போது வாயுவின் வெப்பம் 2,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகிறது. எஃகோ 1,450 முதல் 1,500 டிகிரிக்குள் உருகிவிடும். 5.56 மி.மீ. ராணுவத் தோட்டாவில் உள்ளழுத்தம் 4,000 பாரைத் தாண்டும்; அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல நாலாயிரம் மடங்கு. இவ்வளவு நடந்தும் குழல் உருகி வழியாமல் இருப்பதற்குக் காரணம் அந்த ஒரு மில்லிவினாடிதான். வெப்பம் ஆழமாக இறங்க நேரமில்லை. உட்சுவரின் மேல்தோல் மட்டும் சட்டென்று சூடேறி, சட்டென்று ஆறுகிறது. ஆறும்போது சுருங்குகிறது. திரும்பத் திரும்பச் சுருங்கி விரிந்து கடைசியில் வெடிப்பு விடுகிறது.

வற்றிய குளத்தின் அடிமண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கில் சுட்ட குழலின் தொண்டைக்குள் போர்ஸ்கோப் என்ற சின்ன கேமராவை விட்டுப் பார்த்தால் அச்சு அசலாக அதே காட்சி. பாளங்களின் ஓரங்களை அடுத்தடுத்து வரும் வாயு அரித்துக்கொண்டே போகும். வரிகளின் மேடுகள் முதலில் மழுங்கும், பிறகு கரைந்தே போகும். குண்டு கவ்வுவதற்கு முன் பிடிமானம் இல்லாமல் பாய்கிற தூரம் கூடிக்கொண்டே வரும். குறி சிதறத் தொடங்குவது அப்போதுதான்.

குண்டு உரசி உரசித்தான் குழல் தேய்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உரசலுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு சூட்டுக்கு. தேய்ந்த குழலை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால், குண்டு அதிவேகமாகப் பாயும் வாய்ப்பக்கம் வரிகள் இன்னும் கூர்மையாக இருக்கும். குண்டு மெல்ல நகரத் தொடங்கும் தொண்டைப் பக்கம்தான் கருகிக் குதறிக் கிடக்கும்.

அதனால்தான் எத்தனை தோட்டா என்பதோடு எவ்வளவு வேகத்தில் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் இடையில் ஒரு நிமிடம் விட்டுச் சுட்ட நூறும், மூன்று நிமிடத்தில் கொட்டித் தீர்த்த நூறும் குழலுக்கு ஒன்றல்ல. இரண்டாவதில் குழல் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வெப்ப அலை வந்து விழுகிறது. மேல்தோல் ஆறுவதற்கு இடமே இல்லை.

குரோம் எதைத் தடுக்கிறது

குரோமியம் உருகும் வெப்பநிலை 1,907 டிகிரி. எஃகைவிட 400 டிகிரிக்கு மேல் அதிகம். கடினத்திலும் வித்தியாசம் பெரிது. ராக்வெல் சி அளவில் குழல் எஃகு 25 முதல் 32 வரை இருக்கும். கடின குரோம் முலாம் 65-ஐத் தாண்டும். நல்ல அரத்தால் தேய்த்தாலும் அதில் கீறல் விழுவது கஷ்டம். துருப்பிடிக்காது, வழவழப்பாக இருக்கும், குண்டின் மேலுறையிலுள்ள செம்பு எளிதில் ஒட்டாது. தொண்டையில் நடக்கும் கொடுமைக்கு முன்னால் நிறுத்த இதைவிடப் பொருத்தமான உலோகத்தை, மலிவாகவும் பூசக்கூடியதாகவும், தேடுவது எளிதல்ல.

பூசும் முறையை அருகில் போய்ப் பார்த்தால்தான் இதன் பலமும் பலவீனமும் சேர்ந்து புரியும். இது மின்முலாம். குரோமிக் அமிலக் கரைசலில், அதில் மிகச் சிறிதளவு கந்தக அமிலமும் சேர்த்து, 50 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கிய தொட்டியில், குழலுக்கு மின்சாரம் கொடுக்கிறார்கள். 5.5 மி.மீ. அகலமும் அரை மீட்டர் நீளமும் உள்ள ஒரு துளை. அதன் நட்டநடுவில் சுவரைத் தொடாமல் ஒரு மெல்லிய கம்பியை நிறுத்த வேண்டும். அந்தக் கம்பிக்கும் குழலுக்கும் இடையேதான் மின்சாரம் பாய்கிறது. கம்பி ஒரு பக்கம் சற்றே சாய்ந்தாலும் அந்தப் பக்கத்துச் சுவரில் குரோம் தடித்துவிடும், எதிர்ப்பக்கம் மெலிந்துவிடும். மின்சாரத்தில் பெரும்பகுதி குரோமைப் படியவைக்காமல் ஹைட்ரஜன் குமிழிகளைக் கிளப்புவதிலேயே போய்விடுகிறது. அந்தக் குமிழிகள் குறுகிய துளைக்குள் தங்கினால் அங்கே முலாம் பிடிக்காது. ஆகவே கரைசலை உள்ளே ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 0.025 மி.மீ. கனம்தான் ஏறும். ரைஃபிளுக்குத் தேவைப்படுவதும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு மெல்லிய முலாமும் இடத்தை அடைக்கும் என்பதால், குழலின் உள்துளையை முதலிலேயே கொஞ்சம் பெரிதாகச் செய்துகொள்கிறார்கள். பூச்சு ஏறியதும் சரியான அளவுக்கு வந்து நிற்க வேண்டும். பூசிய பிறகு திருத்தம் செய்வது கஷ்டம். சாதாரணக் குழலில் அறை சற்று இறுக்கமாக இருந்தால் ரீமர் என்ற துளை அகலப்படுத்தும் கருவியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடும். குரோம் பூசிய அறைக்குள் அதே ரீமரை விட்டால் ரீமரின் வெட்டுவாய்தான் போகும்.

கடின குரோமில் பிறவியிலேயே கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் இருக்கும். படியும்போதே உள்ளுக்குள் இழுவிசை ஏறுவதால் அது அப்படித்தான் அமையும். பூசியவரின் குறை என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான சுடுதலுக்குப் பிறகு வாயு இந்த வெடிப்புகளின் வழியாக நுழைந்து அடியிலுள்ள எஃகை அரிக்கும். அடியில் பிடிப்புப் போனதும் குரோம் சிறு சிறு செதிலாகப் பெயர்ந்து விழும். அங்கிருந்து எஃகு திறந்து கிடக்கும், தேய்மானம் வேகமெடுக்கும். குரோம் பூசிய குழலும் சாகும். ஆனால் கடுமையாகச் சுடும் ஆயுதத்தில், பூசாத குழலைவிட நெடுநாள் தாக்குப்பிடித்துவிட்டுத்தான் சாகும்.

ராணுவங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது

குரோம் பூச்சின் சரித்திரத்தில் சூட்டைவிடத் துருவுக்குத்தான் முதலிடம் என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்துப் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்கு உடன்பிறந்தது. சுட்டு முடித்த குழலின் உட்சுவர் முழுக்க இந்த உப்பு மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். ஈரப்பதமான இடத்தில் கழுவாமல் விட்ட குழல் ஒரே ராத்திரியில் சிவந்துவிடும்.

ஜப்பானின் 99-ஆம் வகை அரிசாக்கா ரைஃபிள் 1939-இல் வந்தது. 99 என்ற எண் ஜப்பானியப் பேரரசு ஆண்டு 2599-ஐக் குறிக்கிறது. பெருந்தொகையில் தயாரான காலாட்படை ரைஃபிள்களில் குழலுக்குள் குரோம் பூசியதில் இதுதான் முன்னோடி. பசிபிக் தீவுகளின் வெக்கையிலும் மழையிலும் அந்தப் பூச்சின் அருமை தெரிந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் எல்லாவற்றிலும் சிக்கனம் பிடித்தபோது பூச்சையும் விட்டுவிட்டார்கள்; கடைசியாக வந்த துப்பாக்கிகளில் வெறும் எஃகுதான் இருக்கும். 1949-இல் சோவியத் படை ஏற்றுக்கொண்ட ஏகே-47-இலும் குழலுக்கும் அறைக்கும் குரோம் பூசினார்கள். உப்பு விடும் பிரைமர்களை அவர்கள் அதற்குப் பிறகும் பல காலம் பயன்படுத்தினார்கள். அந்தத் துப்பாக்கி எதையும் தாங்கும் என்று பெயர் வாங்கியதில் இந்தப் பூச்சுக்கும் ஒரு பங்கு உண்டு.

அமெரிக்காவின் கதைதான் மனதை உறுத்துகிறது. 1957-இல் தேர்வான எம்14 ரைஃபிளில் குரோம் இருந்தது. அடுத்து வந்த எம்16-இல் இல்லை. அறையிலும் இல்லை, குழலிலும் இல்லை. 1965-க்குப் பிறகு வியட்நாம் காட்டு ஈரத்துக்குள் அந்தத் துப்பாக்கிகள் ஆயிரக்கணக்கில் போய் இறங்கின. போதுமான துப்புரவுக் கருவிகளும் கூடப் போகவில்லை. இதைச் சுத்தம் செய்யவே தேவையில்லை என்ற பேச்சும் பரவியிருந்தது. தோட்டாவின் வெடிமருந்தும் இடையில் மாற்றப்பட்டது. புதிய மருந்து கூடுதல் கசடு விட்டது, சுடும் வேகத்தையும் கூட்டிவிட்டது. அறையின் சுவரில் துரு பிடித்து ஊசிக்குழிகள் விழுந்தன. சுடும்போது பித்தளைக் கூடு உப்பி அந்தக் குழிகளுக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். கூட்டை வெளியே இழுக்க வேண்டிய கொக்கி விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்; கூடு உள்ளேயே நின்றுவிடும். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு சிப்பாய் துப்புரவுக் கம்பியை வாய்ப்பக்கமாக விட்டுக் குத்திக் கூட்டைத் தள்ள வேண்டிய நிலை. அப்படிக் குத்திக்கொண்டிருந்தபடியே உயிரை விட்டவர்கள் இருந்தார்கள். 1967-இல் ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையில் அமெரிக்க காங்கிரஸின் துணைக்குழு இதை விசாரித்தது. அதே ஆண்டில் அறைக்குக் குரோம் வந்தது. பிற்பாடு முழுக் குழலுக்கும் வந்தது. ஒரு மெல்லிய உலோகப் பூச்சு இருந்திருந்தால் அந்த இளைஞர்களில் சிலராவது வீடு திரும்பியிருப்பார்கள் என்று எண்ணாமல் என்னால் இந்தப் பகுதியைக் கடக்க முடிவதில்லை.

கடுமையான இயந்திரத் துப்பாக்கிகளில் குரோம்கூடப் போதாது. எம்60-இன் குழலில் அறைக்கு முன்னால் முதல் ஆறு அங்குலத்துக்கு ஸ்டெல்லைட் என்ற கோபால்ட்-குரோமியம் கலவையில் செய்த உள்குழாயைச் செருகியிருப்பார்கள். தேய்மானம் எங்கே குடியிருக்கிறது என்பதை அந்த ஆறு அங்குலமே காட்டிக்கொடுக்கிறது.

அப்படியானால் எல்லோரும் ஏன் பூசுவதில்லை

குறியின் நுட்பம்தான் காரணம். மின்முலாம் எப்போதும் மேட்டின் விளிம்பில் அதிகமாகவும் பள்ளத்தின் மூலையில் குறைவாகவும் ஏறும். சுழல்வரியின் கருக்கான விளிம்புகள் அதனால் உருண்டுவிடுகின்றன. குழலின் நீளத்தில் கனம் எங்கும் ஒரே சீராக இருப்பதும் அரிது. போட்டிக்கான குழல் செய்கிறவர்கள் உள்துளையின் விட்டத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குக்குள் கட்டிக்காக்கிறார்கள். ஈயக்கட்டியில் உராய்பொடி தடவிக் கையாலேயே முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்துச் சீராக்குவார்கள். அந்த உழைப்பின் மேல் ஒரு சீரற்ற பூச்சு ஏறினால் அத்தனையும் வீண்.

எவ்வளவு வித்தியாசம் வரும்? குறிச் சிதறலை எம்ஓஏ என்ற கோண அளவில் சொல்வார்கள். ஒரு எம்ஓஏ என்றால் 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ. கவனமாகச் செய்த குரோம் குழல், நல்ல தோட்டாவோடு, ஒன்றரை முதல் இரண்டு எம்ஓஏ-க்குள் போடும். நல்ல ஸ்டெயின்லெஸ் போட்டிக் குழல் ஒன்றுக்குக் கீழே போடும். 100 மீட்டரில் எலுமிச்சை அளவுக்கும் நெல்லிக்காய் அளவுக்கும் உள்ள வித்தியாசம் இது. மலிவான ராணுவ ரகத் தோட்டா மூன்று நான்கு எம்ஓஏ சிதறினால், உங்கள் குழல் ஸ்டெயின்லெஸ்ஸா குரோமா என்பதைக் காகிதம் சொல்லவே சொல்லாது. சுடுகிறவரின் கை இன்னும் பழகாவிட்டாலும் அப்படித்தான். புதியவர்கள் குழலின் நுட்பத்துக்குக் காசு கொட்டிவிட்டுத் தோட்டாவில் மிச்சம் பிடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அதே காசில் நல்ல தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகியிருக்கலாம்.

ஒரே படைக்குள் இரண்டு தேர்வும் இருந்ததற்கு நல்ல உதாரணம் உண்டு. எம்16 குடும்பத்தில் வந்த எம்4ஏ1 கார்பைனுக்கு, அதாவது குட்டைக் குழல் ரைஃபிளுக்கு, குரோம் குழல். அதே குடும்பத்தில் அமெரிக்க சிறப்புப் படைகளின் தொலைதூரக் குறிக்காக வந்த எம்கே 12-க்குப் பூச்சில்லாத ஸ்டெயின்லெஸ் போட்டிக் குழல். எம்14-இலும் இதையேதான் செய்தார்கள்: சிப்பாய்க்குக் குரோம், போட்டிக்கான நேஷனல் மேட்ச் வகைக்குக் குரோம் இல்லை. இரண்டையும் நன்றாக அறிந்தவர்கள் வேலைக்குத் தகுந்தபடி பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"குரோம்" என்று மூன்று இடத்தில் வரும்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். குரோம்-மாலி என்று எழுதியிருந்தால் அது எஃகின் பெயர். 4140, 4150 என்ற எண்களில் வரும். அதில் குரோமியம் ஒரு சதவீத அளவுதான், துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் குழலில் பொதுவாக வரும் 416 வகை எஃகிலும் குரோமியம் உண்டு, 12 முதல் 14 சதவீதம். அது முழு எஃகிலும் கலந்திருக்கிறது, பூச்சு கிடையாது. குரோம் லைனிங் என்றால் மட்டுமே உட்சுவரில் தனிக் குரோமியப் படலம் இருக்கும். குரோம்-மாலி குழலுக்கு உள்ளே குரோம் பூச்சும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். "குரோம்" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அறைக்கும் பூச்சு உண்டா, குழலுக்கு மட்டுமா என்றும் சேர்த்துக் கேளுங்கள். எம்16 கதையைப் படித்தபின் அறையின் முக்கியத்துவத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

"கோல்டு ஹேமர் ஃபோர்ஜ்டு" என்று இன்னொரு சொல் கூடவே வரும். வரிகளின் எதிர்வடிவம் செதுக்கிய ஒரு கம்பியை உள்ளே வைத்து, வெளியிலிருந்து சம்மட்டிகளால் குழலை அதன்மேல் அடித்து இறுக்கும் முறை அது. குரோம் பூச்சோடு அதற்குச் சம்பந்தமில்லை. இரண்டும் அடிக்கடி ஒரே குழலில் சேர்ந்து வருவதால் குழப்பம் ஏற்படுகிறது.

இடையில் வந்த போட்டியாளர்

நைட்ரைடிங் பற்றிச் சொல்லாமல் இந்தத் தேர்வைப் பேச முடியாது. மெலோனைட், டெனிஃபர் என்ற வணிகப் பெயர்களிலும் இது வரும். குழலை 580 டிகிரி அளவில் உருகிய உப்புக் குளியலில் மூழ்க வைப்பார்கள். நைட்ரஜனும் கொஞ்சம் கார்பனும் எஃகின் தோலுக்குள் ஊறி இறங்கி, அந்தத் தோலையே கடினமாக்கிவிடும். மேலே எதுவும் ஏறுவதில்லை. ஆகவே அளவு ஏறக்குறைய மாறுவதில்லை, வரியின் கருக்கும் உருள்வதில்லை, செதிலாகப் பெயர்வதற்கும் தனிப் படலம் கிடையாது. உள்ளே வெளியே இரண்டு பக்கமும் ஒரே வேலையில் துருவுக்குக் காப்பு. செலவும் குறைவு.

குறை என்னவென்றால், எவ்வளவு கடினமாக்கினாலும் அது எஃகுதான். உருகும் வெப்பநிலை ஏறுவதில்லை. இயந்திரத் துப்பாக்கி போலத் தொடர்ந்து கொட்டும் சுடுதலில் குரோம் இன்னும் முந்தி நிற்கிறது. ஒவ்வொன்றாகச் சுடும் அரைத்தானியங்கி ரைஃபிளில் சாதாரணமாகப் பழகுகிறவருக்கு நல்ல நைட்ரைடிங் குழல் போதும் என்பேன். குரோம் தருகிற துருக் காப்பில் பெரும்பகுதியும் போட்டிக் குழலின் நுட்பத்தில் கணிசமான பகுதியும் அதில் கிடைத்துவிடுகின்றன.

குரோமுக்கு இன்னொரு பாரமும் உண்டு. முலாம் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல், அந்தத் தொட்டியின் குரோமிக் அமிலத்துக்கு மூலமான குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்தக் கூடாது. ஆபத்து தொட்டியருகே நின்று வேலை பார்க்கிறவருக்கு. படிந்து முடிந்த உலோகக் குரோம் உங்கள் கையை ஒன்றும் செய்யாது.

உங்களுக்கு எது

ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் வேட்டை ரைஃபிள் வைத்திருப்பவர் ஆண்டுக்கு நாற்பது தோட்டா சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டில் எண்ணூறு. அவர் குழலைச் சூட்டால் தேய்க்கப் போவதே இல்லை. அவருக்கு எதிரி ஈரம் மட்டும். ஸ்டெயின்லெஸ்ஸோ ஒழுங்காக எண்ணெய் தடவும் பழக்கமோ போதும். .22 ரிம்ஃபயர் என்ற சிறு தோட்டா ரைஃபிளுக்கும் குரோம் தேவையில்லை. அதில் மருந்து கொஞ்சம், அழுத்தம் குறைவு, ஈயக் குண்டு. சாதாரண எஃகே பல்லாயிரம் தோட்டாவைத் தாங்கும்.

6.5-284 போலச் சின்ன துளைக்குப் பெரிய மருந்து எரிக்கும் தோட்டாக்களில் போட்டிக்காரர்கள் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு தோட்டாவிலேயே குழலை மாற்றுவார்கள். அவ்வளவு வேகமாகத் தேய்கிறதே, குரோம் பூசலாமே என்று தோன்றும். ஆனால் அவர்கள் அந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுத்ததே கடைசிச் சொட்டு நுட்பத்துக்காக. ஆயுளைக் கூட்டி நுட்பத்தைக் கொடுத்துவிட அவர்கள் சம்மதிப்பதில்லை. அது சரியான முடிவுதான்.

5.56 போன்ற அரைத்தானியங்கியில் மாதாமாதம் பல நூறு தோட்டா, அதுவும் விரைந்து சுடும் பயிற்சியில், மழையிலும் புழுதியிலும் என்றால் தயங்காமல் குரோம் எடுங்கள். பழைய உப்பு விடும் பிரைமர் தோட்டாக்களைச் சுடுகிறவருக்கும் குரோம்தான். அதே ரைஃபிளை மேசைமேல் தாங்கி வைத்து நல்ல தொலைநோக்கியோடு 300, 400 மீட்டருக்குக் குறிபார்ப்பதுதான் உங்கள் சந்தோஷம் என்றால் ஸ்டெயின்லெஸ் எடுங்கள். ஆறவிட்டு ஆறவிட்டுச் சுட்டால் அதுவும் நெடுநாள் கூட வரும்.

பராமரிப்பில் ஒரு தவறு

குரோம் இருக்கிறது என்று சுத்தம் செய்வதை விட்டுவிடக் கூடாது. பூச்சு குழலுக்கும் அறைக்கும்தான். போல்ட், வாயுக் குழாய், வாய்முனையின் விளிம்பு எல்லாவற்றிலும் உப்பும் ஈரமும் உட்காரும். குழலை வெட்டிச் சுருக்கினால் வெட்டிய இடத்தில் வெறும் எஃகு வளையமாகத் தெரியும். துரு முதலில் அங்கேதான் எட்டிப்பார்க்கும். உப்பு விடும் தோட்டா சுட்டிருந்தால் எண்ணெயால் துடைத்துப் பயனில்லை, உப்பு எண்ணெயில் கரையாது. முதலில் சூடான நீர் விட்டுக் கழுவுங்கள், நன்றாக உலர்த்துங்கள், அப்புறம் எண்ணெய்.

பழைய துப்பாக்கி வாங்குவதானால் முதலில் அது காலியாக இருக்கிறதா என்று அறையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு அறைப் பக்கமாகப் போர்ஸ்கோப்பை விட்டு, தொண்டையிலிருந்து முதல் இரண்டு அங்குலத்தை நிதானமாகப் பாருங்கள். மங்கிய வெள்ளி நிறத்தில் ஒரே சீரான சுவர் தெரிந்தால் பூச்சு நன்றாக இருக்கிறது. மெல்லிய வலைக்கோடுகள் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம், பயன்படுத்திய குரோம் குழலில் அது வழக்கம். வெள்ளிக்கு நடுவே கருந்திட்டுகளும் அவற்றின் ஓரத்தில் பெயர்ந்த விளிம்பும் தெரிந்தால் குரோம் அங்கே போய்விட்டது. அப்படிப்பட்ட குழலுக்குப் புதுக் குழலின் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.